அட்டவணையில் இல்லாத கிணறு

"சார், இந்த டேட்டாவ எல்லாரும் பாக்குற மாதிரி போட்டுத்தான் ஆகணுமா?" என்று செல்வி கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பின்னே என்ன? ராஜபாளையத்தில் நான் நூலகராக இருந்த கல்லூரியில் ஆராய்ச்சி டேட்டாவுக்கென்று தனிப் பிரிவு தொடங்க நாயாய்ப் பேயாய் அலைந்திருக்கிறேன். புத்தகம் அடுக்குவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று முதல்வர் கேட்டதையும் தாங்கிக்கொண்டு ஒரு சர்வர் வாங்கினேன். அதில் ஏற்ற வந்த முதல் டேட்டா இந்தப் பெண்ணுடையது. அவளே இப்படி இழுத்தால்?

செல்வி சுந்தரபாண்டியத்துக்காரி. கூமாப்பட்டிக் கிணறுகளில் நீர்மட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் அவளுடைய பிஎச்.டி. மாதம் தவறாமல் டேப்பும் கையுமாகப் போய் அளந்து, எக்செல்லில் ஏற்றியிருந்தாள். அளக்க முடியாத மாதத்தில் சைபர் போடாமல், ஏன் முடியவில்லை என்று எழுதியிருப்பாள். எத்தனையோ பேராசிரியர்களின் ஷீட்டோடு மல்லுக்கட்டியவன் நான். எனக்கு அதைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது.

ஜர்னல்காரர்கள் அவள் கட்டுரையை ஏற்பதாகச் சொல்லிவிட்டார்கள். மூல டேட்டாவைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கட்டுரை வந்தால்தான் தீசிஸ் கொடுக்கலாம். தீசிஸ் கொடுத்தால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரி அவளுக்காக வைத்திருந்த வேலை கிடைக்கும். வீட்டில் எல்லாரும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள்.

"எந்தக் கெணத்துல எம்புட்டுத் தண்ணின்னு வெளிய சொல்ல மாட்டேன்னு கெணத்துக்காரவியகிட்ட சொல்லித்தான் சார் அளந்தேன்" என்றாள்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. வற்றிய கிணறு என்று தெரிந்தால் நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். தண்ணீர் நிற்கிற கிணறு என்று தெரிந்தால் பக்கத்துத் தோட்டக்காரர் ஒட்டினாற்போல் போர் போட்டு உறிஞ்சிவிடுவார்.

இவ்வளவுதானா என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தேன். பெயர்களை எடுத்தோம். ஜி.பி.எஸ். புள்ளிகளை எடுத்துவிட்டு, மலையடிவாரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் வைத்தோம். வரிசையைக் கலைத்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காப்பி குடித்துக்கொண்டே ஷீட்டை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். சித்திரையிலும் தண்ணீர் நின்ற கிணறு ஒன்றே ஒன்று இருந்தது.

"இது பேச்சியம்மா கெணறுல்லம்மா?" என்றேன்.

(ஆள் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்தத் தோட்டம் என்று தேடிப் புறப்பட்டுவிடாதீர்கள்.)

டேட்டா எப்படிச் சேர்கிறது என்று பார்க்க அந்தக் கோடையில் ஒருமுறை அவளோடு பஸ் ஏறிப் போயிருந்தேன். மற்ற கிணறுகளில் பாறைதான் தெரிந்தது. தனி ஆளாகத் தோட்டம் பார்க்கிற பேச்சியம்மாள் கிணற்றில் மட்டும் வாளி முங்கியது. வெயிலில் சுருண்டுபோயிருந்த எனக்கு அந்த அம்மாதான் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

செல்வியின் முகம் விழுந்துவிட்டது. "ஒருக்கா வந்த ஒங்களுக்கே தெரிஞ்சிருச்சே சார்" என்றாள். சொன்ன கையோடு அந்த வரியை நீக்கினாள்.

கட்டுரையின் உயிரே அந்த வரிதான். அடிவாரத்தை ஒட்டியிருந்த அந்தக் கிணறு மட்டும் ஏன் வற்றவில்லை என்பதை வைத்துத்தான் அவள் முடிவு எழுதியிருந்தாள். நான் கெஞ்சினேன், சத்தமும் போட்டேன். பேச்சியம்மாளிடம் ஒரு வார்த்தை கேள், எழுதி வாங்கிக்கொள்வோம் என்றேன். வேண்டாம் என்பதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. கைடும் அவளைத் திட்டித் தீர்த்தார். அந்த வரியை சர்வரில் பூட்டுப் போட்ட பகுதியில் வைக்கிறோம் என்று எழுதிப் பார்த்தோம். ஜர்னல் ஒப்பவில்லை. அது இல்லாமல் கட்டுரை வேண்டுமானால் மற்ற கிணறுகளை இன்னொரு வருடம் அளந்து வரச் சொன்னது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வேலைக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. அவளோ அடுத்த மாதமும் டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அப்படியொரு அழுத்தக்காரியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

ஒருவழியாகப் பட்டம் வந்தது. கிணற்றுக்காரர்களுக்கு நன்றி சொல்லப் போனவளோடு நானும் ஒட்டிக்கொண்டேன். பேச்சியம்மாள் வீட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. கைக்கு வந்த வேலை போன கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். செல்வி என்னை முறைத்தாள்.

அந்த அம்மாவுக்கு முகமே மாறிப்போனது. "ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா போட்டுக்கோன்னு சொல்லிருப்பேன்ல?"

"சொல்லிருப்பீக. அதான் கேக்கல" என்றாள் செல்வி.

டேட்டா கொடுத்தவர்களிடம் சம்மதம் வாங்குவது எப்படி என்று பல ஊர் நூலகர்களுக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். இல்லை என்று சொல்ல மனம் வராதவர்களிடம் கேட்கவே கூடாது என்பதை அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன்.