காற்றுக் குழாயில் காயப்போட்ட ஜமக்காளம்

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் நடந்தது இது. கார் ஷெட் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாமனார் ஆசைப்பட்டுக் கட்டினார், கார்தான் கடைசி வரை வரவில்லை.

என் வீட்டுக்காரர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் வேலையில் இருந்தார். திடீரென்று அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். இனி யாரிடமும் கைகட்டி நிற்க மாட்டேன் என்று காற்றை அழுத்தி அனுப்பும் பழைய கம்ப்ரஸர் ஒன்றை வாங்கிவந்து ஷெட்டில் இறக்கினார். டூவீலருக்கும் கிரில் கேட்டுக்கும் வீட்டிலேயே ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக் கொடுப்பதாகத் திட்டம். எங்கள் மொத்த நம்பிக்கையும் அந்தக் கம்ப்ரஸர்மேல்தான் இருந்தது.

அதை கேட் பக்கம் வைத்துவிட்டு, பெயின்ட் அடிக்கும் மூலை வரைக்கும் தலைக்கு மேலே குறுக்காகக் குழாய் இழுத்தார். போர்வெல் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். கம்பெனியில் காற்றுக்கு இரும்புக் குழாய்தான், பிளாஸ்டிக் அந்த அழுத்தம் தாங்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் இப்போதைக்கு இது போதும் என்றார். எங்கள் வீட்டில் பாதி விஷயம் இப்போதைக்கு என்று வந்து அப்படியே தங்கிவிட்டதுதான்.

நான் துணி கம்பெனியில் செக்கிங். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. வீட்டுக்கு வந்தால் மழை, ஈரத்துணி, அந்தக் கம்ப்ரஸரின் டடடட சத்தம். மொட்டை மாடியில் காயப்போட வழியில்லை. தலைக்கு மேலே நீளமாக ஒரு குழாய் போனால் எந்தப் பெண்தான் சும்மா விடுவாள்? ஸ்டூல் போட்டு ஏறி எல்லாத் துணியையும் அதில் போட்டேன். தினமும் சண்டைதான்.

"ஏம்மே, எத்தினி தபா சொல்றது? அது இன்னா கொடியா?"

"மழ பெஞ்சிகினே கீது. உன் தலையிலயா காயப் போடுறது?"

அன்றைக்கு, கூரை ஒழுகி நனைந்துபோன ஜமக்காளத்தைக் காலையிலேயே இரண்டாக மடித்து அதில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து படியில் உட்கார்ந்தேன். கால் இரண்டும் என்னுடையது மாதிரியே இல்லை. கம்ப்ரஸர் மோட்டார் போடணும், அதை எடு என்று அவர் கத்தினார். எடுக்கிறேன் என்றேன். மறுபடி கத்தினார். மறுபடியும் எடுக்கிறேன் என்றேன். எழுந்து ஸ்டூலில் ஏறத் தெம்பில்லை. "நீ எங்க எடுக்கப் போற" என்று முணுமுணுத்தபடி மோட்டாரைப் போட்டுவிட்டு, ஜமக்காளத்துக்குக் கீழேயே உட்கார்ந்து ஒரு ஸ்கூட்டர் மட்கார்டில் தூசி ஊத ஆரம்பித்தார்.

திடீரென்று வெடிகுண்டு போட்ட மாதிரி ஒரு சத்தம். எழவே முடியாது என்றிருந்தவள் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன். குழாய் ஓர் ஆள் நீளத்துக்கு உடைந்து போயிருந்தது. டியூப் லைட் நொறுங்கிக் கிடந்தது. அவர் தலையோடு ஜமக்காளம் மூடிக் கிடந்தது.

இழுத்துப் பார்த்தால், முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காதோரம் லேசான கீறல், அவ்வளவுதான். ஜமக்காளத்தில்தான் உடைந்த குழாயின் சில்லுகள், கத்தி மாதிரி, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குத்தி நின்றன. குழாய் வெடித்ததே அது கிடந்த இடத்தில்தான்.

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து மனுஷன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"நீ போட்ட வெய்ட்டுலதான் ஒட்ஞ்சி போச்சி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சில்லுகளை அவரேதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

இப்போது இரும்புக் குழாய் போட்டாகிவிட்டது. வேலையும் சுமாராக வருகிறது. துணிக்கென்று அவரே தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தார். ஓட்டை விழுந்த ஜமக்காளத்தை நான் தூக்கிப் போடவில்லை.

இன்றும் வேலை விட்டு வந்து படியில் உட்கார்ந்தால் உடம்பு எழ மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. முன்பெல்லாம் அதைத் திட்டுவேன். இப்போது, அன்றைக்கு எனக்குத் தெம்பிருந்து எழுந்து போய் அந்த ஜமக்காளத்தை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபடி, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துகொள்கிறேன்.