சட்டைப் பைக்குள் மிளகாய் விதை

சிவப்பு விளக்கில் கார் நிற்கிறபோதெல்லாம் மாஸ்டரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும். பணம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதாகத்தான் பக்கத்தில் அமர்ந்து ஓட்டிப் பழகுகிறவர்கள் நினைப்பார்கள். பையில் இருப்பது ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஈரக் காகிதம். காகித மடிப்புக்குள் மிளகாய் விதைகள்.

"பிரேக்க மெதுவா மிதிங்க. உள்ள புள்ளைங்க தூங்குதுங்க" என்பார்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பெயர் மாஸ்டர்தான். கனத்த உடம்பு, காதோரம் நரை, எதற்கும் ஏறாத குரல். எதிரே லாரி வந்தாலும் "அவரு பாவம், பெரிய வண்டி வச்சிருக்காரு, வழி குடுத்துடலாம்" என்பார். பள்ளத்தில் இறக்கினால், "பள்ளத்த நல்லா விசாரிச்சாச்சா? சரி, கெளம்புவோம்." கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப்பேர் வண்டியைவிட அவருடைய பேச்சுக்காகவே கூடுதலாக ஒரு வாரம் வருவதாகப் பள்ளி முதலாளியே சொல்வதுண்டு.

விதையைச் சட்டைப் பையில் சுமக்கும் யோசனை அவருடையதேதான். மிளகாய் முளைக்கக் கதகதப்பு வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். வெளியே குளிர் இன்னும் விட்டபாடில்லை. வீட்டுக்குள்ளும் தரை சில்லென்றுதான் இருந்தது. தன் உடம்புச் சூடு சும்மா வீணாகப் போவானேன் என்று உறையைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "கோழிகூட அடைக்கு ஒரே எடத்துல உக்காரும். ஊரச் சுத்திக்கிட்டே அடை காக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

உண்மையில் தோட்டம் மனைவியுடையது. குடியிருப்பின் மொட்டை மாடியில் தொட்டி தொட்டியாகத் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று வளர்த்தவர். மாஸ்டருக்கு அதில் சாப்பிடுகிற பங்கு மட்டும்தான். போன மழைக்காலத்தில் மாடியிலிருந்து இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்ததில் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. "நல்லா நடக்கலாம், படியும் ஏறலாம்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கால் ஒப்புக்கொண்டது; மனசு ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நடப்பார், சமைப்பார், சண்டை போடுவார். வாசற்படி வந்ததும் நின்றுவிடுவார். மாஸ்டர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகப் பார்த்த அன்றெல்லாம் இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். மேலே தொட்டிகள் வெறும் மண்ணோடு கிடந்தன. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மாஸ்டர் விதைக் கடைக்குப் போனார்.

முதல் நாற்றுத் தட்டு மண்ணோடு போயிற்று. ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கிப் போட்டு வைத்திருந்தார். முளைத்தவை எல்லாம் தண்டின் அடியில் அழுகி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அடுத்த தட்டில் நாற்றுகள் பிழைத்தன; ஆனால் வெளிச்சம் போதாமல் நூல் நூலாக நெட்டையாக வளர்ந்து வெளிறிப்போயின.

மனைவி நாற்காலியிலிருந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பொறுக்க முடியவில்லை.

"அந்த ட்யூப்லைட்டக் கொஞ்சம் எறக்கிக் கட்டுங்க. கூரையில தொங்கினா அதுங்க எட்டி எட்டித்தான் பாக்கும்."

"தண்ணி?"

"மேல ஊத்தாதீங்கன்னா கேக்குறீங்களா? அடித்தட்டுல ஊத்துங்க. வேணுங்கறத அதுவே குடிச்சுக்கும். மூடிய எடுங்க, காத்து வேணாமா? உங்களுக்கு மூஞ்சிய மூடி வச்சா எப்படி இருக்கும்?"

சட்டைப் பையில் முளைவிட்டவை மூன்றாவது தட்டுக்குப் போயின. நாற்காலி மெல்ல மெல்லத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்ந்தது. ஒரே குழியில் இரண்டு முளைத்த இடத்தில் நோஞ்சானைக் கத்தரிக்கோலால் நறுக்கியது மனைவிதான். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்டு உறுதிப்பட வேண்டும் என்று தினமும் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையைத் தடவிக்கொடுத்ததும் அவர்தான். "ரெண்டாவது ஜோடி இலை வந்தாச்சு. இனி வெயிலுக்குப் பழக்கணும். மொதல்ல கொஞ்ச நேரம், அப்புறம் கூடக் கொஞ்ச நேரம். எடுத்த எடுப்புல மதிய வெயில்ல விட்டா வெந்துபோயிடும்."

"என் பொறுப்பு" என்றார் மாஸ்டர். காலையில் மாடிக்குக் கொண்டுபோய் வைப்பார். காபி குடித்து முடித்ததும் கீழே இறக்கிவிட்டு வேலைக்குப் போவார்.

ஒருநாள் பள்ளி முதலாளி அவசரமாகக் கூப்பிட, தட்டை மறந்துவிட்டு ஓடிவிட்டார். நினைவு வந்தபோது நடுப்பகல். வெயில் அனலாகக் கொட்டியது. அதோடு காற்றும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தார். எடுக்க ஆளில்லை.

அன்று ஓட்டிக்கொண்டிருந்தது துணிக்கடை அம்மா. சைக்கிள்காரர் மணியடித்தாலே வண்டியை ஓரங்கட்டுகிறவர்.

"என்ன மாஸ்டர், மொகமே சரியில்ல?"

"வீட்டுல ஃபோன் எடுக்கல. கொஞ்சம் என் வீட்டுப் பக்கம் விடுங்கம்மா."

அந்த அம்மா வண்டியைத் திருப்பினார். மூன்றாவது கியருக்கு மேல் அதுவரை போகாதவர் நான்காவது போட்டார். ஒரு பேருந்தையே முந்தினார். வேறொரு நாளாக இருந்தால் மாஸ்டர் கைதட்டியிருப்பார். இன்று அவர் கண்ணில் மாடிப்படிதான் இருந்தது, ஈரமாக, மழைக்கால வெளிச்சத்தில்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. நாற்காலி காலி. சமையலறையில் இல்லை, குளியலறையில் இல்லை. மாடிப்படிக்கு ஓடினார்.

மேல் வளைவில் மனைவி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையால் நாற்றுத் தட்டை இடுப்போடு அணைத்திருந்தார். மறு கை கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தது. ஒரு கால் வைத்து, நின்று, மறு காலை அதன் பக்கத்தில் சேர்த்து, மூச்சு விட்டு, அடுத்த படி. நெற்றியெல்லாம் வியர்வை.

"ஓரத்துல ரெண்டு வாடிப்போச்சு. மத்ததெல்லாம் பொழச்சுக்கும்" என்றார், படியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஃபோன் அடிச்சேனே..."

"கேட்டுச்சு. மேல இருந்து எப்படி எடுக்கறது? பறந்தா வரமுடியும்?"

மாஸ்டருக்குத் தாவிப்போய்த் தட்டை வாங்கிவிட வேண்டும், தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஒரு படி ஏறியும்விட்டார்.

"என்ன, நடுவுல நின்னுக்கிட்டு? வழிய விடுங்க."

மாஸ்டர் சுவரோரமாக ஒதுங்கினார். தவறிப்போய்க்கூட நீண்டுவிடாதபடி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டார்.