அடுத்தவர் கைச் சாப்பாடு

அர்ஜென்டினாவின் பாசவில்பாசோவுக்கு வெளியே, யூதக் குடியானவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு, பிள்ளைகள் புவனோஸ் அய்ரெஸுக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்ட காலத்திலும், ஃபேனியாவின் மேசையில் மட்டும் ஆள் குறைந்ததில்லை. புத்தாண்டென்றால் கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு, முதலில் மீன், பிறகு கோழி சூப், அப்புறம் அடுப்பில் வாட்டிய வாத்து, கடைசியில் தேன் கேக். நாற்காலி பற்றாமல் பாதிப்பேர் பால் கேன்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இல்லாத நாளிலும் அவள் கை நிற்காது. புளித்த மாவைத் தொடக்கூடாத பாஸ்கா பண்டிகை ஒன்றின்போது தலைநகரிலிருந்து வந்த புளிக்காத ரொட்டிப் பெட்டி, ஓடையைக் கடக்கையில் வண்டியோடு கவிழ்ந்து ஊறிப்போயிற்று. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தது. ஃபேனியா அந்தக் கூழைப் பிழிந்தெடுத்து, முட்டையும் வெங்காயமும் அடித்து ஊற்றி, கோழிக் கொழுப்பில் அடை அடையாகச் சுட்டு அத்தனை பேருக்கும் போட்டாள். மறுவருடம் நல்ல ரொட்டி வந்தபோது, இதையும் கொஞ்சம் நனைத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு.

சாவு வீடுகளுக்கும் அவள்தான் போவாள். புதைத்துவிட்டுத் திரும்பியவர்கள் முதல் வேளை தங்கள் வீட்டுச் சோற்றைத் தொடக்கூடாது. அடுத்தவர் கொண்டுவந்ததைத்தான் உண்ண வேண்டும். வேகவைத்த முட்டை, உருண்டை ரொட்டி, பயறு. ஃபேனியா அவற்றைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போய், எதிரில் உட்கார்ந்து, முட்டையை உரித்துக் கையில் கொடுப்பாள். வேண்டாம் என்பவர்களிடம் வாதாட மாட்டாள். தட்டு காலியாகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் விழுங்கியிருக்கிறார்கள்.

அவள் கணவன் நவும் ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டுக் கொட்டிலில் விழுந்து இறந்தான். மறுநாள் மதியம் அடக்கம். பிரார்த்தனை முடியும்போதே வானம் கறுத்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கரிய மண் நனைந்தால் டிராக்டரே வழுக்கும். வந்தவர்கள் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வண்டிகளை நோக்கி ஓடினார்கள். சாப்பாட்டைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. முப்பது வருடமாக அது ஃபேனியாவின் வேலை. மகனோ இஸ்ரேலில், வெள்ளிக்கு முன்னால் வந்து சேர வழியில்லை.

துக்கத்துக்கு அடையாளமாகக் கிழித்த கழுத்துப்பட்டையோடு அவள் சமையலறையில், துக்கக்காரர்கள் உட்கார வேண்டிய தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தாள். குளிர்பெட்டி நிறைய அவளே சமைத்தது இருந்தது; வியாழனன்று நடக்கவிருந்த ஒரு நிச்சயதார்த்தத்துக்காக ஆக்கி வைத்தவை. அதை அவள் தொட முடியாது. முந்தின நாள் காலையிலிருந்து வாயில் எதுவும் படவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு வழி தெரியும். அவர்கள் வழக்கப்படி இருட்டிவிட்டால் அடுத்த நாள் கணக்கு, அடக்க நாளின் தடை நீங்கிவிடும். அதுவரை பட்டினி கிடந்துவிட்டால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இந்த எண்ணம் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்போது முற்றத்தின் எதிர்வீட்டிலிருந்து, தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஹைகே வந்தாள். நவுமின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஒரே முற்றம், இரண்டு அடுப்பு, நாற்பது வருடச் சண்டை.

கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். மூன்று முட்டை, ஒன்று வெடித்து வெள்ளை பிதுங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பக்கம் கருகிய ரொட்டி.

"சாப்பிடுங்க அண்ணி."

"பசிக்கல."

"பசிக்கலையா? இருட்டுறவரைக்கும் ஒளிஞ்சு உக்காந்துக்கலாம்னு பாக்கறீங்க. எனக்குத் தெரியாதா? உங்களுக்குக் குடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது."

"உன் ரொட்டியைப் பாத்தா யாருக்குடி வாங்கத் தோணும்?"

"கருகிப்போச்சுதான். இன்னிக்கு அடுப்பையா பாத்துக்கிட்டு இருந்தேன்?" ஹைகே நாற்காலியை இழுத்தாள்; பிறகு ஞாபகம் வந்து, விறகுப் பெட்டிமேல் தாழ்வாக உட்கார்ந்தாள். அவள் கழுத்துப்பட்டையும் கிழிந்திருந்தது. "சரி, ஒண்ணு பண்ணுவோம். நீங்க என்னோடதைச் சாப்பிடுங்க, நான் உங்களோடதைச் சாப்பிடறேன். ரெண்டு பேருக்கும் கணக்குச் சரியாப் போகும்."

ஃபேனியா கண்களை மூடிக்கொண்டாள். "கெடுத்தியே! துக்கக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கலாம். ஆனா இதுக்கு அதுன்னு முன்னாடியே பேசிக்கக் கூடாது. பேசினா அது என் சோத்தை நானே சாப்பிட்ட மாதிரி. உங்க அப்பா உனக்குச் சொல்லித் தரலையா?"

"அப்பா அண்ணனுக்குத்தான் சொல்லித் தந்தாரு."

கூரைத் தகரத்தில் மழை வலுத்தது. பிறகு ஹைகே கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினாள்.

"அப்ப நான் சொன்னதை விட்டுடுங்க. எனக்கு உங்க வீட்டுலேர்ந்து ஒண்ணும் வேணாம். ஒரு பருக்கைகூட வேணாம். இது என் கோழி போட்ட முட்டை. உங்களுக்குன்னு வேகவச்சேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, வெடித்த முட்டையை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். விரல் நகங்களில் கல்லறை மண் இன்னும் ஒட்டியிருந்தது. ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வந்தது. அந்த விரல்களைப் பார்த்தபோதுதான் ஃபேனியாவுக்கு உறைத்தது: இவளுக்கும் யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. இவளும் அண்ணனைப் புதைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். எத்தனையோ வீடுகளின் துக்கத்தை வாசலிலேயே கண்டுகொண்டவள், முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கையை நீட்டினாள். ஹைகே முட்டையை அதில் வைத்தாள். உப்பில்லை, மஞ்சள்கரு சரியாக வேகாமல் ஒட்டியது. ஃபேனியா அதை முழுவதும் தின்றாள். கருகிய ரொட்டியில் ஒரு துண்டு பிட்டு அதையும் தின்றாள். தண்ணீர் குடித்தாள், மீண்டும் தின்றாள்.

பிறகு எழுந்து குளிர்பெட்டியைத் திறந்து மீன் தட்டை எடுத்தாள். அவள் தாய்வீட்டு வழக்கப்படி சர்க்கரை சேர்த்தது. நவும் வீட்டார் மிளகுதான் போடுவார்கள். "மீன் மிட்டாய்" என்று ஹைகே கேலி செய்யாத பண்டிகை கிடையாது. ஒரு தடவைகூட வாயில் வைத்ததும் கிடையாது. ஃபேனியா ஒரு துண்டை எடுத்து, மேலே காரட் வில்லையை வைத்து, ஒன்றும் சொல்லாமல் விறகுப் பெட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

ஹைகே தட்டைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கரண்டியை எடுத்தாள்.

இரண்டாவது வாய் எடுத்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். கல்லறையில் அழாதவள், இப்போது மென்றுகொண்டே அழுதாள்.

ஃபேனியா எதிரே முக்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிப் பாக்காதீங்க அண்ணி, முழுங்க முடியல."

"சரி."

ஃபேனியா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.