மயிலம்மா வீட்டுக் கொம்பியூட்டரில் இருந்த இன்னொரு பெயர்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். நான் அங்கே நின்றேன், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கூப்பிடாமல் வந்து நின்றேன் என்று பக்கத்து வீட்டு மயிலம்மா சொல்லித் திரிகிறாள். அதுவும் உண்மைதான்.

2008. கொழும்பு வெள்ளவத்தையில் ரவுண்டப், அதுதான் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு, வரப்போகிறது என்று ஒரு கதை. அப்படிக் கதை வந்தால் எங்கள் பிளற்ஸ் குடியிருப்பில் எல்லாரும் எதையாவது அழிப்பார்கள். படம் கிழிப்பார்கள், ஃபோன் நம்பர் அழிப்பார்கள். மயிலம்மா ஒரு படி மேலே. முன்பு அந்த வீட்டில் குடியிருந்த தில்லைநாதன் விட்டுப்போன கொம்பியூட்டரில் சேமித்திருந்த பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் துடைத்துவிட்டாள். மகள் கோகிலவாணியின் ஈமெயில் பாஸ்வேர்ட்டும் அதோடு போயிற்று. அந்தப் பிள்ளைக்கு அது மனதில் இல்லை. இவ்வளவு காலமும் கொம்பியூட்டர்தானே ஞாபகம் வைத்திருந்தது!

விசா இன்ரவியூவுக்கு வருவதாக அன்று மாலை ஆறு மணிக்குள் அவள் தூதரகத்துக்கு ஈமெயிலில் பதில் போடவேண்டும். தவறினால் விசா இல்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து பேர்னாட் வந்தான். கொம்பியூட்டர் திருத்துகிறவன். பாஸ்வேர்ட்கள் இருந்த பழைய பிரதி ஒன்றை எங்கிருந்தோ தோண்டி எடுத்தான். 5.35க்கு கோகிலவாணியின் பெயர் திரையில் வந்தது.

அதற்குக் கீழே இன்னொரு பெயர். சுலோஜனி.

"ஆரடி இது?"

"தெரியாதம்மா."

"ஆமிக்காரன் கேட்டால் என்ன சொல்லுறது? முதல்ல இதை அழியும் தம்பி."

"அன்ரி, முதல் மெயிலைத் திறப்பம்..."

"அழியும் எண்டுறன்!"

அழித்தான். திரும்பி வந்தது. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது.

"அவவுக்கும் விசா வேணுமாக்கும்," என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெயருக்குரிய பாஸ்வேர்ட்டைக் காட்டச் சொல்லி பேர்னாட் அழுத்தினான். ஆங்கில எழுத்தில் தமிழ்...

அழிச்சால் அழிப்பன்.

பேர்னாட் கையை எடுத்துவிட்டான். மயிலம்மா எட்டித் தானே அழித்தாள்.

5.52. கரண்ட் போனது. ஃபான் நின்றது.

திரை அணையவில்லை...

டக்... டக்... டக்...

விசைகள் தாமாகவே இறங்கின. மெயில் திறந்தது.

"அம்மா, ஆரோ எழுதுகினம்!"

பேர்னாட் வயரைப் பிடுங்கினான்.

டக்...

டக்...

ஆறு மணி. திரையும் இருண்டது.

அடுத்த நாள் கோகிலவாணி தூதரகத்துக்கு ஓடினாள். அவள் பெயரிலேயே பதில் வந்திருந்ததாம். ஒரே வரி. 'அப்படி ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை.' ஃபைலை மூடிவிட்டார்கள்.

அந்த வரி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. வத்தளைக்கு பஸ் ஏறினேன். தில்லைநாதன் இப்போது அங்கேதான். சுலோஜனி என்றதும் மனிதர் கதவைச் சாத்தப்பார்த்தார். நான் கதவிடுக்கில் காலை வைத்துவிட்டேன். மனைவிதான் அழுதபடி சொன்னாள்.

சுலோஜனி அவருடைய தங்கையின் மகள். நான் குடிவருமுன்பு எங்கள் பிளற்ஸில் அவர்களோடுதான் இருந்தவள். ஒரு நாள் பிடித்தவர்கள் அவளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வாசலில் வண்டியை நிறுத்தி, "இவள் உங்கள் வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டார்களாம். பயத்தில் தில்லைநாதன் சொன்ன பதில்தான் அந்த வரி. சொல்லுக்குச் சொல் அதுவேதான்.

அதன்பிறகு அவளை ஒருவரும் காணவில்லை.

வான் வண்டியின் கதவு அப்போது திறந்திருந்ததாம். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.