களத்தில் நின்ற கார்

வாசலில் என் பழைய காருக்கு நானே பெயிண்ட் அடிக்கிறேன். தின்னர் வாசனை ஏறியதும் அப்பாமேல்தான் எரிச்சல் வந்தது.

அவர் தன் காருக்குப் பெயிண்ட் அடித்தபோது எனக்குப் பத்து வயது. கூலித் தகராறில் ஊரில் எந்தக் களத்திலும் கதிரடிக்கவில்லை. "இப்பதான் தூசி இருக்காது" என்று அப்பா காரை எங்கள் களத்தில் நிறுத்தி, ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை அடித்தார்.

அப்பாவுக்குத் தெரியவில்லை, அன்று காலையே பக்கத்துக் களத்துக்காரர் கூலியை ஏற்றிக் கொடுத்துவிட்டார். மதியம் அங்கே நெல் தூற்ற, பதரும் அரிக்கும் சுணையும் பறந்துவந்து ஈரப் பெயிண்டில் அப்பின. அப்பா கத்தினார்.

"காத்துக்கு நாங்க என்னங்க பண்றது?" என்றாள் முறத்தோடு நின்ற அஞ்சலை. "நீங்களும் கூலி ஏத்தியிருந்தா களத்துல நெல்லு கெடந்திருக்கும், காரு நின்னிருக்காது."

அந்தக் காரில் சாய்ந்தால் கடைசிவரை அரித்தது.

"ஏங்க, பக்கத்து வயல்ல அறுப்பு மெஷின் இறங்குது!" என்று மாடியிலிருந்து என் மனைவி கத்தினாள்.

பாதிக் கார் ஈரம். பழி போட அப்பாவும் இல்லை.