அக்கா ஒட்டிய மெத்தைச் சின்னம்

அக்கா அந்தக் கடையை விட்டு வெளியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு வருடம் உட்கார்ந்த நாற்காலியில் போட்டிருந்த துணித்திண்டு, சாப்பாட்டு டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு, வளைந்த ஊசி ஒன்று. இவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு, இயந்திரத்தின் சுவிட்சை அணைத்து, அதன் சூடான தட்டு ஆறும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டுச் சாயங்காலம் நாலரை மணிக்குக் கிளம்பியிருக்கிறாள். அந்த நாள் எனக்குச் சரியாகத் தெரியும். அதே செவ்வாய்க்கிழமை நான் வேறொரு நாட்டில், ஒரு ஏரிக்கரையில், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரிக்கும் படத்தை இணையத்தில் போட்டிருக்கிறேன். 'மனம் நிறைந்த நாள்' என்று கீழே எழுதியிருக்கிறேன். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் லைக் போட்டிருந்தார்கள். அக்காவும்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பள்ளிகள், மருத்துவமனைகள், காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்கள் ஆகியவற்றின் சீருடைகளில் பெயரும் சின்னமும் ஒட்டித் தரும் கடை அது. அங்கே கணக்கு எழுதத்தான் சேர்ந்தாள். பிளாஸ்டிக் தாளில் எழுத்துகளை வெட்டி, வேண்டாத துணுக்குகளை ஊசியால் நெம்பி எடுத்து, துணியின்மேல் வைத்துச் சூடான தட்டால் அழுத்த வேண்டும். ஒருநாள் இயந்திரத்தில் நிற்பவர் வரவில்லை. அக்கா நோட்டை மூடிவிட்டு அங்கே போய் நின்றாள். அதற்குப் பிறகு நகரவே இல்லை. பருத்தி என்றால் எத்தனை நொடி, இழுபடும் துணி என்றால் சூட்டை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில்.

அவளோடு தெருவில் நடப்பது பெரும்பாடு. எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டாள், சட்டையைத்தான் பார்ப்பாள்.

"அந்த வாட்ச்மேன் சட்டைய பாரு. எழுத்து ஏணி மாதிரி ஏறுது. எவன் ஒட்டினானோ."

"மெதுவா பேசு. அவரு நம்மளயே பாக்குறாரு."

"பாக்கட்டுமே. அவரு தப்பா என்ன?"

அத்தான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். "உங்க அக்கா என் மூஞ்சியைப் பார்த்துச் சரின்னு சொல்லல. என் சட்டையில பேரு நேரா ஒட்டியிருந்துச்சாம், அதுக்குத்தான் தலையாட்டினா" என்று எல்லோரிடமும் சொல்வார். அக்கா மறுத்ததில்லை.

அந்தக் கடையில் ஒரு விதி உண்டு. எந்த நிறுவனத்தின் சின்னமானாலும் அந்த நிறுவனம் கையெழுத்திட்டு முத்திரை வைத்த கடிதம் இருந்தால்தான் ஒட்டுவார்கள். முன்பு யாரோ ஒரு ஆள் பத்துச் சட்டைகளில் மருத்துவமனையின் பெயரைப் போட்டு வாங்கிக்கொண்டு, அதே சட்டையோடு வார்டுக்குள் புகுந்து நோயாளிகளின் கைப்பைகளை அள்ளிவிட்டான். முதலாளி ஒரு வாரம் காவல் நிலையத்துக்கு நடந்தார். அன்று முதல் கடிதங்களுக்கென்று ஒரு தடித்த கோப்பு. அதைப் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு. "லெட்டர் எங்க?" என்று அவள் கேட்கும் தோரணையில் பெரிய பெரிய ஆட்களே பையைத் துழாவுவார்கள்.

முதலாளி இரண்டாவது கடை ஒன்று திறக்க இடம் பார்த்திருந்தார். அதற்கு அக்காதான் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். அவள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், இயந்திரம் எங்கே நிற்கும், வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தாள். வாழ்க்கையில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

என் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்கிற மூவகைப் போட்டி. நான் அதில் தொழில்முறை வீராங்கனை. தொழில்முறை என்றால் பரிசு முதல் பத்துப் பேருக்கு, பயணச்செலவு எல்லோருக்கும் அவரவர் கையிலிருந்து. நான் பெரும்பாலும் பதினைந்துக்கும் இருபதுக்கும் நடுவில் வருவேன். ஆகவே ஸ்பான்சர் வேண்டும். எனக்கு அப்போது இரண்டு ஸ்பான்சர்கள். ஒரு ஹெல்மெட் கம்பெனி, ஒரு சத்துமாவுக் கம்பெனி. மாவுக் கம்பெனி மாதம் நாலு டின் அனுப்பும். பதிலுக்கு வாரம் மூன்று பதிவு போட வேண்டும். ஹெல்மெட் ஒரு அளவு பெரியது. உள்ளே ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டு ஓட்டிவிட்டு, 'என் தலைக்கென்றே செய்தது போல' என்று எழுதினேன்.

சக வீராங்கனை ஒருத்தி எனக்கு ஒரு பாடம் சொன்னாள். வெறும் உடையைப் பார்த்து எவனும் வர மாட்டான், நாலு பேர் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால்தான் ஐந்தாவது ஆள் வருவான், இடத்தை நிரப்பு என்றாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு மெத்தைக் கம்பெனியோடு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு என்றால், நான் ஆறு மின்னஞ்சல் அனுப்பினேன், அவர்கள் ஒன்று அனுப்பினார்கள். 'உங்கள் பயணம் எங்களைக் கவர்ந்தது. அடுத்த பருவத்துக்குப் பரிசீலிப்போம்.' அந்த வரியை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே நான் போட்டிகளுக்காக வெளிநாடு கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, சாப்பாட்டு நேரத்தில், போட்டி உடையோடு அக்காவின் கடைக்குப் போனேன். முதலாளி வெளியே போயிருந்தார்.

"மெத்தையா?" என்றாள் அக்கா. "நீ தூங்குறதுக்குமா ஸ்பான்சர்?"

"ஓய்வும் பயிற்சியில ஒரு பகுதிதான்க்கா."

"அப்படிப் பார்த்தா உங்க அத்தானுக்குத்தான் முதல்ல குடுத்திருக்கணும். உலக சாம்பியன்." சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "லெட்டர் எங்க?"

"வந்துருச்சு. மெயில்ல இருக்கு. போன்ல சார்ஜ் இல்ல, சாயங்காலம் அனுப்புறேன்."

போன் என் பையில், முக்கால்வாசி சார்ஜோடு இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சத்தியமா அனுப்பிடுவியா காத்தாடி?"

ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்பதால் வீட்டில் எனக்கு அந்தப் பெயர். அனுப்பிடுவேன் என்றேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எழுந்து போய், சூட்டைக் குறைத்து, மூன்று முறை தொட்டுப் பார்த்து, நெஞ்சின் நடுவில் நூல் பிடித்தது போல ஒட்டிக் கொடுத்தாள். இழுத்துப் பார்த்தேன், எழுத்தில் ஒரு கீறல் விழவில்லை.

சாயங்காலம் நான் எதையும் அனுப்பவில்லை. அவள் இரண்டு முறை கேட்டாள். முதல் முறை பெட்டி கட்டுகிறேன் என்றேன். இரண்டாம் முறை விமானத்தில் ஏறிவிட்டேன்.

போய் இறங்கியதும் அந்த உடையோடு படம் போட்டேன். 'இந்தக் குடும்பத்தில் நானும் ஒருத்தி என்பதில் பெருமை' என்று எழுதி, மெத்தைக் கம்பெனியின் பெயரையும் சேர்த்துவிட்டேன். பார்த்தால் மகிழ்ந்து போவார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன். பதினெட்டாவது நாள் அவர்களுடைய வக்கீலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்கள் அந்தப் பருவத்துக்கு வேறொருத்தியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். யாருடைய அனுமதியில் எங்கள் சின்னத்தைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

போட்டி நடக்கும் ஊர்களில் எங்களைப் போன்றவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் இடம் தருவார்கள். அப்படி ஒரு வீட்டின் சமையலறையில், அவர்களுடைய காப்பியைக் குடித்துக்கொண்டே பதில் எழுதினேன். 'இது உடையில் அச்சிட்ட கடையின் தவறு. நான் பேச்சுவார்த்தைக்காக வைத்திருந்த மாதிரிப் படத்தை என் அனுமதியில்லாமல் ஒட்டிவிட்டார்கள். போட்டி அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.' எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடையின் முகவரி கேட்டார்கள். கொடுத்தேன். கதவு எண், தெருவின் குறுக்குச் சந்து எல்லாம் பிழையில்லாமல் எழுதினேன். எனக்கு மன்னிப்பு கிடைத்தது. படத்தை நீக்கினேன், நெஞ்சிலிருந்ததைப் பிய்த்து எடுத்தேன். இவ்வளவு பெரிய கம்பெனி ஒரு சந்துக்கடைக்கா கடிதம் போடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பேசியபோது அக்கா வீட்டில் இருந்தாள். வேலை நாள், மதியம்.

"கடைக்குப் போகலயா?"

"விட்டுட்டேன்டி. கண்ணு எரியுது. பதினொரு வருஷம் ஆச்சுல்ல."

"புதுக் கடை?"

"அதுக்கு யாரையோ போட்டுட்டாங்க. ஓட்டம் எப்படிப் போச்சு, அதைச் சொல்லு."

ஓட்டம் எப்படிப் போனது என்று சொன்னேன். கால் மணி நேரம் சொன்னேன். வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

இரண்டு பருவம் கழித்து, முழங்காலில் காயத்தோடும் ஸ்பான்சர் யாரும் இல்லாமலும் திரும்பி வந்தேன். பேருந்து நிலையத்தில் பெட்டியைத் தூக்க வந்த அத்தான், நடந்துகொண்டே, ஏதோ சின்னச் செய்தி போலச் சொன்னார்.

"ஏதோ கம்பெனி நோட்டீஸ் அனுப்பிச்சாம். லெட்டர் இல்லாம ஒட்டினதா இவளே ஒத்துக்கிட்டா. எந்தக் கம்பெனின்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்குறா. உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன். இதையும் எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா இப்போது ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருக்கிறாள். படுக்கை விரிப்புகளின் மூலையில் அழியாத மையால் எண் எழுதுகிற வேலை. நாள் முழுக்க நின்றபடி. நான் போனபோது வாசலில் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் உள்ளே இழுத்தாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பேசினாள். அவள் சுட்டுவிரல் நகத்தில் நீல மை.

"அக்கா, அந்த மெத்தை விஷயம்..."

"நீ எந்த மெத்தையில படுத்த? ஊரூரா அடுத்தவங்க வீட்டு சோபாலதானே உருண்ட."

"இல்லக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிட்டுட்டு சொல்லு."

சாப்பிட்ட பிறகு என் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "என்னடி நகமெல்லாம் கறுத்துப் போச்சு? இதையும் போட்டோ எடுத்துப் போட வேண்டியதுதானே" என்றாள். கறுத்த நகத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "கொஞ்சம் தூங்கு. அப்புறம் பேசிக்கலாம்" என்று எழுந்து போய்விட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவளுக்கு எதுவும் தெரியாது, நான் கடிதம் அனுப்ப மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றே நம்பினேன். அந்த நம்பிக்கையோடு அவள் வீட்டில் ஒன்பது நாள் இருந்தேன்.

அவளிடம் சொல்ல முடியாததை முதலாளிக்கு எழுதினேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. கடிதம் இருப்பதாக நான்தான் பொய் சொன்னேன், கம்பெனிக்கு எழுதியதும் பொய், அக்காவை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதி, கீழே என் போன் எண்ணையும் போட்டு, கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் வரவில்லை. ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சி தரும் வேலையில் சேர்ந்தேன். ஏழு மாதம் கழித்து, ஒரு மதியம், குளத்தின் ஓரத்தில் நனைந்த கையோடு நின்றிருந்தபோது முதலாளியிடமிருந்து போனில் இந்தச் செய்தி வந்தது.

"வணக்கம்மா. உங்க லெட்டர் அப்பவே கிடைச்சுது. நீங்க கம்பெனிக்கு எழுதின பதிலை நோட்டீஸோட சேர்த்து எனக்கும் அனுப்பியிருந்தாங்க. அன்னைக்கே உங்க அக்காகிட்ட காட்டினேன். ரெண்டு தடவ படிச்சாங்க. இது பொய்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். என் தங்கச்சி எழுதினதுதான் சரி, தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டு வேலையை விட்டுட்டாங்க. நான் போகச் சொல்லல. இதை நான் படிச்சது அவளுக்குத் தெரிய வேண்டாம்னு மட்டும் கேட்டுக்கிட்டாங்க. அதனாலதான் உங்களுக்குப் பதில் போடல. புதுக் கடையில இருந்தவர் போன வாரம் நின்னுட்டார். உங்க அக்காவைக் கூப்பிட்டேன், வரலன்னுட்டாங்க. நீங்க நேர்ல சொன்னா வருவாங்களோ என்னவோ."