மேடையில் சிக்னல் இல்லை

இன்று காரைக்காலில் மகளின் பள்ளி ஆண்டு விழா.

அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை நோய். கையில் ஒட்டியிருக்கும் சென்சார், புளூடூத் வழியாக என் போனுக்குச் சர்க்கரை அளவைக் காட்டும்.

முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் நடனம் தொடங்கும்போது சர்க்கரை 82, இறங்குமுகம். அடுத்துப் பார்த்தால் "சிக்னல் இல்லை".

மேடையோரம் இருந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஓடிப்போய், ஏன் என்று கேட்டேன்.

"எங்க புளூடூத்தே விட்டு விட்டுத்தாங்க வருது. ஹால் வைஃபை, இத்தன பேரு போனு, இயர்போனு, எல்லாம் ஒரே அலைவரிசையில அடிச்சிக்குதுங்க" என்றார்.

அதற்குள் மகளுக்குக் கால் தடுமாறியது. சுழல வேண்டிய இடத்தில் அப்படியே நின்றாள்.

பாட்டு முடியும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. நேராக மேடையேறி அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். விரலில் குத்திப் பார்த்தேன். 56. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. பையிலிருந்து ஜூஸை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூஸை உறிஞ்சிக்கொண்டே முறைத்தாள். "இன்னும் ரெண்டே ஸ்டெப்புதாம்மா இருந்துச்சு!"

கால் மணி நேரத்தில் 94. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எங்கள் ஊர் குரும்பகரம் வரை பஸ்ஸில் அவள் விட்டுப்போன அந்த ரெண்டு ஸ்டெப்பையே கையால் ஆடிக்கொண்டு வந்தாள். விழாவுக்கு வந்த யாரிடமாவது, நான் குறுக்கே ஓடாத அவள் நடன வீடியோ இருந்தால், தயவுசெய்து அனுப்புங்கள்.